உழவு யந்திரத்திற்கு ஏற்ற டீசல்: தேடுவதும் தேர்வதும்

ஏரும் மாடுமே உழவுக்குத் துணையாயிருந்த காலத்தில், அம்மாடுகளுக்கு வேண்டிய தீனி உழவனுடைய நிலத்திலேயே விளைந்தது. சோளத்தட்டை, கடலைக்கொடி, வைக்கோல் ஆகியவற்றைக் களத்தின் ஓரத்தில் போராக வேய்ந்து வைத்தால் ஓராண்டுக் கவலை தீர்ந்தது. தீனி நல்லதா கெட்டதா என்பதை முகர்ந்து பார்த்தே சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள். இன்று திண்டுக்கல் சமவெளியில் பெரும்பாலான நிலங்களை டிராக்டர்தான் உழுகின்றது. அதன் தீனியோ நம் நிலத்தில் விளைவதில்லை, எங்கிருந்தோ வருகின்றது, விலையும் நம் கையில் இல்லை. அது நல்லதா கெட்டதா என்பதைக் கண்ணாலும் மூக்காலும் மட்டும் அறிந்துவிடவும் முடியாது. ஆகவே, டீசலைப் பற்றிச் சில அடிப்படையான செய்திகளை அறிந்துகொள்வது, விதையையும் உரத்தையும் பற்றி அறிந்துகொள்வதைப் போலவே உழவர்க்கு இன்றியமையாததாகிவிட்டது.

நெசவாளர்களான அங்கத்தினர்கள் இக்கட்டுரை தங்களுக்கு அன்று என எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டுவதில்லை. மின்சாரம் நின்றபோது தறிக்கூடத்திலும் சாயப்பட்டறையிலும் ஓடும் ஜெனரேட்டர் உண்பதும் இதே டீசல்தான். மேலும், நூலின் நம்பரைச் சோதித்துப் பாராமல், பளபளப்பை மட்டும் கண்டு நூல் வாங்குகின்ற நெசவாளி சின்னாளபட்டியில் ஒருவரும் இரார். அந்த எச்சரிக்கையை டீசலிலும் காட்ட வேண்டும் என்பதே இங்குக் கூறப்போவதன் சாரம்.

வயலுக்கென்று தனி டீசல் உண்டா?

அயல்நாடுகள் சிலவற்றில் வயலில் ஓடும் யந்திரத்திற்கென்று தனி டீசல் விற்கப்படுகின்றது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதற்குச் சிவப்புச் சாயம் ஊட்டியிருப்பார்கள். வரிச் சலுகை பெற்றதாதலால் அதன் விலை குறைவு. அச்சிவப்பு டீசலைச் சாலையில் ஓடும் வண்டிக்கு ஊற்றுவது குற்றம். அதிகாரிகள் வண்டியின் டாங்கியில் சிறிது எடுத்துப் பார்த்தாலே நிறம் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டனில் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் பல தொழில்களுக்கு இச்சலுகை நிறுத்தப்பட்டபோதும், வேளாண்மைக்கு அது தொடர்ந்து அளிக்கப்பட்டது. ஜெர்மனியில் சாயம் இன்றி, கட்டிய வரியில் ஒரு பகுதியை உழவர்க்குத் திருப்பித் தரும் முறை இருந்தது. அதனைப் படிப்படியாக நீக்க அரசாங்கம் முற்பட்டபோது, 2024ஆம் ஆண்டு ஜனவரியில் உழவர்கள் ஆயிரக்கணக்கான டிராக்டர்களுடன் பெர்லின் நகரத் தெருக்களில் திரண்டார்கள்.

நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை. பேருந்துக்கும் லாரிக்கும் காருக்கும் எந்த டீசலோ, அதே டீசல்தான் டிராக்டருக்கும். இதனை முதலில் ஐயமறத் தெரிந்துகொள்ளுதல் நல்லது. ஏனெனில், "இது விவசாயத்திற்கென்று வந்த மலிவு டீசல்" என்று எவரேனும் பீப்பாயைக் காட்டினால், அது வேறு ஏதோ ஓர் எண்ணெயாகவே இருக்கும். அல்லது கலப்படமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்குச் சற்று நெருங்கியதாகச் சொல்லத்தக்கது மீனவர்களுக்கு அளிக்கப்படும் விற்பனை வரி விலக்குப் பெற்ற டீசலேயாகும். படகின் வகைக்கேற்ப ஆண்டுக்கு இன்ன அளவு என்று வரையறுத்து அது வழங்கப்படுகின்றது. கடலில் ஓடும் படகு சாலையைத் தேய்ப்பதில்லை என்ற நியாயம் அங்கே ஏற்கப்பட்டிருக்கின்றது. வயலில் ஓடும் டிராக்டரைப் பற்றிய நியாயத்தைப் பின்னர்ப் பார்ப்போம்.

டீசலும் டீசல் அல்லாதனவும்

பங்குகளில் விற்கப்படும் டீசலுக்கு அதிவேக டீசல் என்பது தொழிற்பெயர். இந்திய தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள 1460ஆம் எண் தரத்திற்கு அது ஒத்திருத்தல் வேண்டும். கந்தகத்தின் அளவு, தீப்பற்றும் இயல்பு, நீரின் அளவு, மசகுத்தன்மை முதலிய பல குணங்களுக்கு அதில் எல்லை கட்டப்பட்டிருக்கின்றது.

கந்தகத்தின் எல்லையை மட்டும் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 டீசல் வழங்கப்பட்டது. அதில் பத்து லட்சம் பங்கில் கந்தகம் 50 பங்குக்கு மேற்படலாகாது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. எல்லை 10 பங்காகச் சுருங்கிற்று. கந்தகம் குறைந்தால் புகையின் நச்சு குறையும். இஞ்சின் ஆயிலில் அமிலம் சேர்வதும் குறையும். கந்தகம் போய்விட்டதால் பழைய டிராக்டரின் பம்ப் தேய்ந்துவிடும் என்ற அச்சம் சிலரிடம் உண்டு. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் ஓரளவு குறைவது உண்மையே. ஆயினும் அதனை ஈடு செய்யும் மருந்துகள் சேர்க்கப்பட்டு, மசகுத்தன்மைக்கும் தரத்தில் ஓர் எல்லை விதிக்கப்பட்டிருக்கின்றது. ஆகவே, பழைய டிராக்டருக்கு வேறு எண்ணெய் தேடி அலைய வேண்டுவதில்லை.

இனி, டீசலைப் போலத் தோன்றி உழவரை மயக்கும் எண்ணெய்கள் சில உள.

முதலாவது, லேசு டீசல் ஆயில் எனப்படுவது. பெயரில் லேசு என்றிருப்பினும் இது சாதாரண டீசலைவிடக் கனமானது, கந்தகமும் மிகுதி. மெதுவாகச் சுழலும் பழைய பெரிய இஞ்சின்களுக்கும், உலைகளுக்கும், பாய்லர்களுக்கும் உரியது. பழைய கிணற்று ஆயில் இஞ்சின்களில் இதனை ஊற்றி ஓட்டிய பழக்கத்தால், டிராக்டருக்கும் ஆகும் என்று எண்ணுவோர் இருக்கின்றனர். டிராக்டரின் நாசில் துவாரம் மயிரிழை போன்றது. கனத்த எண்ணெய் அதில் சரியாகத் தூவாது, கரி படியும், புகை கக்கும்.

இரண்டாவது, மண்ணெண்ணெய். டீசலைவிட மெல்லியது. ஊற்றினால் இஞ்சின் ஓடத்தான் செய்யும்; உடனே ஒரு கேடும் தெரியாது. அதுவே அதன் வஞ்சகம். டிராக்டரின் டீசல் பம்பிலுள்ள பிளஞ்சருக்கு வேறு எண்ணெய் இடுவதில்லை. அதனூடே செல்லும் டீசலே அதற்கு மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்புப் போதாது. சில நூறு மணி நேரத்தில் பிளஞ்சர் தேய்ந்து, வலுக் குறைந்து, காலையில் ஸ்டார்ட் ஆவது கடினமாகும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தவர், பம்பைக் கழற்றிச் சரிபார்க்கும்போது அதைப்போல் பல மடங்கு கொடுக்க நேரும்.

மூன்றாவது, உயிர் டீசல் என்ற பெயரால் விற்கப்படும் எண்ணெய். உண்மையான உயிர் டீசல், தாவர எண்ணெயிலிருந்தும் உபயோகித்த சமையல் எண்ணெயிலிருந்தும் முறைப்படி தயாரிக்கப்படுவது. டீசலுடன் குறிப்பிட்ட விகிதத்தில் கலப்பதற்கு அரசாங்கம் அதனை ஊக்குவிக்கின்றது. ஆனால், அப்பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு, தொழிற்சாலைக் கழிவு எண்ணெய்களை விற்பவர்களும் உண்டு. குஜராத்தில் அத்தகைய விற்பனையாளர்கள்மீது அரசாங்கம் நடவடிக்கை எடுக்கவேண்டி வந்தது. டிராக்டர் கம்பெனி தந்த கைப்புத்தகம் எந்த விகிதம்வரை கலவையை அனுமதிக்கின்றது என்று பார்த்து, அதற்கு மேற்படாமல் இருப்பதே நன்று.

புதிய டிராக்டர் வைத்திருப்போர் இதில் இன்னும் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் புதிய புகை விதி நடைமுறைக்கு வந்தது. அவற்றுள் பலவற்றில் மின்னணுவால் இயங்கும் பொது அழுத்தக் குழாய் முறை அமைந்திருக்கின்றது. அதில் டீசலின் அழுத்தம் பழைய பம்பினைவிடப் பன்மடங்கு. பழைய டிராக்டர் பொறுத்துக்கொண்ட அழுக்கையும் நீரையும் இது சிறிதும் பொறுக்காது.

எங்கே வாங்குவது?

திண்டுக்கல் நகரம் எண்ணெய் வழங்கும் பாதையில் நல்ல இடத்தில் அமைந்திருக்கின்றது. சென்னை மணலியிலிருந்து திருச்சி வழியாகப் பூமிக்கடியில் வரும் குழாய் மதுரையில் முடிகின்றது. கொச்சியிலிருந்து கோயம்புத்தூர் வழியாக வரும் மற்றொரு குழாய் கரூரில் முடிகின்றது. நமது மாவட்டம் இவ்விரண்டு கிடங்குகளுக்கும் நடுவில் உள்ளது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, நத்தம் என எப்பக்கம் சென்றாலும் சில மைல்களுக்குள் ஒரு பங்கு இருக்கும். ஆகவே டீசல் கிடைப்பது அருமையன்று. தகுந்த இடத்தில் வாங்குவதே பொருள்.

எண்ணெய் நிறுவனங்கள் இடத்திற்கேற்பத் தங்களுக்குள் சரக்கை மாற்றிக்கொள்வது வழக்கம். ஆகவே, எந்த நிறுவனத்தின் பலகை என்பதைவிட, அந்தப் பங்கை நடத்துபவர் நாணயமானவரா, அங்கே விற்பனை நிரம்ப நடக்கின்றதா என்பவை முக்கியம். விற்பனை மிகுந்த இடத்தில் டீசல் நெடுநாள் தேங்குவதில்லை. நிலத்தடித் தொட்டியின் அடியில் நீரும் கசடும் சேரும் வாய்ப்புக் குறைவு. லாரி வந்து தொட்டியில் இறக்கிக்கொண்டிருக்கும் வேளையில், அடியிலுள்ள கசடு கலங்கும். அப்போது வாங்காமல் சிறிது நேரம் பொறுத்து வாங்குவது நல்லது.

விடியற்காலையில் குளிர்ச்சியாயிருக்கும்போது வாங்கினால் அதிக டீசல் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. டீசல் வெப்பத்தால் விரிவடைவது உண்மை. பத்து டிகிரி ஏறினால் நூறு லிட்டருக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேலாக விரியும். ஆனால், பங்கின் தொட்டி நிலத்துக்கடியில் இருப்பதால், அதன் வெப்பம் காலையிலும் பிற்பகலிலும் பெரிதும் மாறுபடுவதில்லை. இதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை.

மருந்து சேர்த்த உயர்விலை டீசலைப் பற்றியும் ஒரு சொல். அதனால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால், உயர்விலை டீசல் ஊற்றிவிட்டு ஃபில்டரை மாற்றாமல் விடுவது, பட்டு உடுத்திக்கொண்டு குளிக்காமல் இருப்பதைப் போன்றது. உரிய மணி நேரத்தில் ஃபில்டரை மாற்றி, நீர் பிரிப்பானைத் திறந்து விட்டு வந்தால், சாதாரண டீசலே போதும்.

அளவைச் சோதித்தல்

வாங்குபவருக்குச் சட்டம் சில உரிமைகளை அளித்திருக்கின்றது. ஆனால் அவற்றைக் கேட்டுப் பெறுவோர் சிலரே.

ஒவ்வொரு பங்கிலும் அரசாங்க முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் வைத்திருத்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் அதில் பிடித்துக் காட்டும்படி யாரும் கேட்கலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர்வரை ஏறக்குறைய இருப்பது விதியால் அனுமதிக்கப்பட்டது. அதற்கு மேல் குறைந்தால் குற்றம். ஊற்றத் தொடங்குமுன் முள்ளோ எண்ணோ பூஜ்யத்தில் நிற்கின்றதா என்று பார்ப்பதும், ரசீது கேட்டு வாங்குவதும் வழக்கமாக வேண்டும்.

இச்சிறு குறைவு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 45 குதிரைத் திறனுள்ள டிராக்டர், ஒன்பது கொத்துக் கலப்பையையோ ரொட்டவேட்டரையோ இழுக்கும்போது, மணிக்கு ஏறத்தாழ 5 லிட்டர் டீசல் உண்ணும். ஆண்டுக்கு 600 மணி நேரம் ஓடினால் 3,000 லிட்டர். 5 லிட்டருக்கு 100 மில்லி லிட்டர் குறைவாக அளந்தால் நூற்றுக்கு 2 பங்கு. ஆண்டுக்கு 60 லிட்டர். 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் டீசல் விலை லிட்டர் 92 ரூபாயை ஒட்டி நின்றது. அந்த விலையில் பார்த்தால் 5,520 ரூபாய். கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துபோகும் இத்தொகை ஒரு சிறு உழவரின் விதைச் செலவுக்கு ஈடாகும்.

தரத்தைச் சோதித்தல்

கலப்படத்தைக் கண்டறிய முதற்படி, அடர்த்தி பார்ப்பது. பாலுக்குப் பால்மானி இருப்பதுபோல், டீசலுக்கு ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடிக் கருவி உண்டு. அதையும் வெப்பமானியையும், கணக்குப் பட்டியலையும் ஒவ்வொரு பங்கிலும் வைத்திருத்தல் வேண்டும். உயரமான ஜாடியில் டீசலை ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, அடர்த்தியையும் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு, பட்டியலைப் பார்த்து 15 டிகிரிக்குரிய அடர்த்தியாக மாற்றவேண்டும். லாரி வந்தபோது குறித்த அடர்த்தி பங்கின் பதிவேட்டில் இருக்கும். பல இடங்களில் ரசீதிலேயே அச்சாகின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கன மீட்டருக்கு 3 கிலோ கிராமுக்கு மேற்படலாகாது.

15 டிகிரிக்கு மாற்றுவது ஏன் என்று கேட்கலாம். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கிராம் அடர்த்தி குறையும். 15 டிகிரியில் 830 இருக்கும் டீசல், நம் ஊர் வெயிலில் 35 டிகிரியில் 816 என்றே காட்டும். பட்டியலைப் பாராமல் இதனைக் கலப்படம் எனக் கொண்டால், நாணயமான வியாபாரியைப் பழித்தவர்களாவோம்.

இச்சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதையும் அறிதல் வேண்டும். அடர்த்தி 830 உள்ள 8 லிட்டர் டீசலில் 795 உள்ள 2 லிட்டர் மண்ணெண்ணெயைச் சேர்த்தால், கலவையின் அடர்த்தி 823 ஆகும். வித்தியாசம் 7, உடனே அகப்பட்டுக்கொள்ளும். 9 லிட்டருக்கு 1 லிட்டர் சேர்த்தால் 826.5, வித்தியாசம் 3.5, எல்லையைச் சற்றே தாண்டும். இருபதில் ஒரு பங்கு சேர்த்தாலோ வித்தியாசம் 2க்கும் குறைவு, ஹைட்ரோமீட்டர் மௌனமாயிருக்கும். மெல்லிய எண்ணெயையும் கனத்த எண்ணெயையும் ஒருங்கே சேர்த்து அடர்த்தியைச் சமன் செய்யும் கைதேர்ந்தவர்களும் உண்டு. அவற்றைப் பரிசோதனைச் சாலையில்தான் கண்டறிய இயலும். ஆகவே, அடர்த்தி சரியாயிருந்தால் ஐயம் குறையும். தவறாயிருந்தால் குற்றம் உறுதிக்கு அருகில் வரும் என்று கொள்க.

நீர் கலந்திருக்கின்றதா என்று பார்க்க, சிறிதளவு டீசலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அசையாமல் சில மணி நேரம் வைத்தாலே போதும். நல்ல டீசல் தெளிந்திருக்கும். நீர் இருந்தால் அடியில் தனியே நிற்கும். கலங்கலாயிருந்தால் நீர் கலந்திருக்கின்றது என்று கொள்ளலாம். நிறத்தை மட்டும் கண்டு முடிவு செய்வது தவறு. நல்ல டீசலே ஒரு சமயம் நீர்போலவும் ஒரு சமயம் இளமஞ்சளாகவும் வரும்.

வீட்டில் சேமித்தல்

ஆடிப்பட்டத்திலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலும், ஈரம் காயுமுன் உழுதாகவேண்டிய அவசரத்தில் ஒவ்வொரு முறையும் பங்குக்கு ஓடுவது இயலாது. அதனால் பலர் பீப்பாயில் டீசல் வாங்கி வைக்கின்றனர். சட்டம் இதற்கு இடம் தருகின்றது. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, டீசல் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், எந்த ஒரு கலமும் 1,000 லிட்டருக்குப் பெரிதாக இல்லாமலும் வைத்திருந்தால் லைசென்ஸு வேண்டுவதில்லை. இருப்பினும் வைக்கோல் போர், அடுப்படி, உர மூட்டைகள் ஆகியவற்றிலிருந்து விலக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் வைப்பது கடமை.

பங்கில் நல்ல டீசலாக வாங்கியதை வீட்டில் கெடுத்துக்கொள்வோரும் உண்டு. கெடுப்பவை மூன்று: நீர், அழுக்கு, காலம்.

பீப்பாய் பாதி காலியாயிருந்தால், பகலில் விரிந்து வெளியேறிய காற்று இரவில் ஈரத்துடன் உள்ளே புகுந்து, குளிர்ந்து நீராக இறங்கும். டிராக்டரின் டாங்கிக்கும் இதுவே விதி. ஆதலால், வேலை முடிந்த மாலையிலேயே டாங்கியை நிரப்பிவிடுவது, காலையில் நிரப்புவதைவிட நல்லது. பீப்பாயைச் செங்கற்களின்மேல் சற்றுச் சாய்வாகக் கிடத்தி, குழாய் உள்ள முனை சிறிது உயர்ந்திருக்கும்படி வைத்தால், நீரும் கசடும் தாழ்ந்த பின்புறத்தில் தங்கிவிடும். பீப்பாயைக் கொண்டுவந்து இறக்கியபின் ஒரு நாளேனும் அசையாமல் விட்டே எடுக்கவேண்டும். அடியில் உள்ள கடைசிச் சில லிட்டரை டிராக்டருக்கு ஊற்றலாகாது.

துத்தநாகம் பூசிய வாளியும் பீப்பாயும் டீசலுக்கு ஆகா. டீசல் துத்தநாகத்துடன் சேர்ந்து ஒருவகைப் பிசுக்கை உண்டாக்கி, ஃபில்டரை அடைத்துவிடும். உரமோ பூச்சிமருந்தோ இருந்த கேனைக் கழுவி உபயோகிப்பதும் கூடாது. ஊற்றும்போது நெருக்கமான வலையுள்ள புனலை வைக்கவேண்டும். பழந்துணியால் வடிகட்டினால் பஞ்சிழை உள்ளே போகும். நூலிழை எவ்வளவு மெல்லியது என்பதை நெசவாளர்களைக் கேட்டாலே தெரியும். நீர் தேங்கிய டீசலில் நுண்ணுயிர்களும் வளர்ந்து, கருத்த வழவழப்பான படலமாகப் படியும். ஆகவே இரண்டு மூன்று மாதத் தேவைக்கு மேல் சேமியாமல், முதலில் வாங்கியதை முதலில் செலவிடுவது நன்று.

விலையும் வரியும்

இப்போது முன்னர்க் கூறிய நியாயத்திற்கு வருவோம். டீசல் விலையை 2014ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசாங்கம் தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. 2017ஆம் ஆண்டு ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாற்றும் முறை வந்தது. விலையில் கணிசமான பகுதி மத்திய கலால் வரியும் மாநில விற்பனை வரியுமே. 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சாலை மற்றும் உள்கட்டமைப்புத் தீர்வை என்று ஒன்று டீசல்மீது விதிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வேளாண் உள்கட்டமைப்புத் தீர்வையாக லிட்டருக்கு 4 ரூபாய், மற்ற கலால் வரியைக் குறைத்து அதற்கு ஈடாக, விதிக்கப்பட்டது.

சாலைக்காக வாங்கும் தீர்வையைச் சாலையில் ஏறாத உழவும் ஏன் கட்டவேண்டும் என்பது உழவர்களின் கேள்வி. கேள்வி நியாயமானதே. கரும்பும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு டிராக்டர் சாலையிலும் ஓடுகின்றது என்ற எதிர்வாதமும் உண்டு. ஆயினும் அதன் உழைப்பில் உழவுக்குரிய பங்கேனும் விலக்குப் பெறத் தக்கது.

ஆனால், விலக்கை எந்த வடிவில் கேட்பது என்பதில் நாம் தெளிவாயிருத்தல் வேண்டும். ஒரே பொருளுக்கு, அல்லது ஒன்றோடொன்று கலக்கக்கூடிய இரு பொருள்களுக்கு, இரண்டு விலை வைத்தால் என்ன நேரும் என்பதை இந்நாடு கண்ணீருடன் கண்டிருக்கின்றது. ஏழைகளின் அடுப்புக்கும் விளக்குக்கும் மானிய விலையில் தந்த மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஊட்டியே வழங்கினார்கள். சாயம் காவல் புரியவில்லை. விலை வித்தியாசத்தைக் கண்ட கொள்ளைக் கூட்டத்தார் அதை டீசலில் கலந்தார்கள். 2005ஆம் ஆண்டு நவம்பரில், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்படம் செய்த பங்கின்மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011ஆம் ஆண்டு ஜனவரி 25 அன்று, மகாராஷ்டிரத்தின் மன்மாடு அருகே, எண்ணெய்த் திருட்டைத் தடுக்கச் சென்ற கூடுதல் மாவட்ட ஆட்சியர் யஷ்வந்த் சோனவானே உயிரோடு எரிக்கப்பட்டார். சில ரூபாய் விலை வித்தியாசம் இரண்டு நல்ல அதிகாரிகளின் உயிரைக் குடித்தது.

டீசலுக்கே இரண்டு விலை வைத்தபோதும் குழப்பம் நேர்ந்தது. 2013ஆம் ஆண்டு ஜனவரியில், மொத்தமாக வாங்குவோர்க்கு மட்டும் மானியம் நீக்கப்பட்டது. உடனே தமிழ்நாட்டின் அரசுப் பேருந்துகள் தங்கள் பணிமனையை விட்டுச் சாலையோரப் பங்குகளில் வரிசையாக நின்று டீசல் பிடித்தன. 2022ஆம் ஆண்டு மார்ச்சிலும் மொத்த விலை சில்லறை விலையைவிட லிட்டருக்கு ஏறத்தாழ 25 ரூபாய் உயர்ந்தது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற சந்தை விதி டீசலில் எப்போதும் செல்லாது என்பதைச் சங்கங்கள் நினைவில் வைத்தல் நலம்.

ஆகவே, வண்ண டீசலைக் காட்டிலும் நேரடி உதவியே மேலானது எனத் தோன்றுகின்றது. கர்நாடகம் 2022-23ஆம் ஆண்டில் 'ரைத சக்தி' என்னும் திட்டத்தின்கீழ், ஏக்கருக்கு 250 ரூபாய் வீதம் 5 ஏக்கர்வரை டீசல் உதவித் தொகையை உழவர் கணக்கில் நேரே செலுத்த முற்பட்டது. பீகார் வறட்சிக் காலங்களில் பாசன டீசலுக்கு மானியம் அளித்தது. இம்முறையில் பங்கில் விற்கும் டீசல் ஒன்றே, விலை ஒன்றே. கலப்பதால் ஒருவருக்கும் லாபமில்லை. டிராக்டர் சொந்தமாக இல்லாமல் வாடகைக்கு உழும் சிறு உழவரையும் இவ்வுதவி அடையும் என்பது இதன் பெரிய நன்மை.

சங்கம் செய்யத்தக்கவை

தனி ஒருவர் பங்குக்குச் சென்று ஹைட்ரோமீட்டர் கேட்டால், "இத்தனை பேர் வாங்குகிறார்கள், உமக்கு மட்டும் என்ன சந்தேகம்?" என்ற சொல்லைக் கேட்கவேண்டி வரலாம். சங்கத்தின் பெயரால் சென்று கேட்டால் நிலைமை வேறு. கூட்டுறவின் வலிமை இங்கேதான் இருக்கின்றது.

ஒவ்வொரு சங்கமும் ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு வெப்பமானி, ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு கணக்குப் பட்டியல் ஆகியவற்றை வாங்கி வைக்கலாம், செலவு பெரிதன்று. சங்க ஊழியர் ஒருவருக்கு அதில் பயிற்சி அளித்து, அங்கத்தினர் கொண்டுவரும் டீசலைச் சோதித்து ஒரு புத்தகத்தில் பதிந்து வரலாம். எந்தப் பங்கு, எந்தத் தேதி, எவ்வளவு அடர்த்தி என்ற இப்பதிவு ஆறு மாதம் நடந்தால், சுற்று வட்டாரத்தில் நாணயமான பங்கு எது என்பது தானே விளங்கும். குறை கண்டால், பங்கிலுள்ள புகார்ப் புத்தகத்தில் எழுதி, அங்கே பலகையில் குறித்துள்ள எண்ணெய் நிறுவன அதிகாரிக்கும் தெரிவிக்கலாம். அளவுக் குறைவைத் தொழிலாளர் துறையைச் சேர்ந்த முத்திரை ஆய்வாளருக்கும், கலப்படத்தை வழங்கல் அதிகாரிக்கும் எழுத்துமூலம் அனுப்பலாம். ரசீது இல்லாத புகார் நிற்காது.

அடுத்தபடி, சங்கமே பங்கு நடத்துவது. தமிழ்நாட்டில் சில கூட்டுறவுச் சங்கங்களும் பண்டகசாலைகளும் எண்ணெய் நிறுவனங்களின் முகவர்களாக இதனைச் செய்து வருகின்றன. 2023ஆம் ஆண்டில், தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு இம்முகவர் உரிமை வழங்குவதில் முன்னுரிமை அளிக்க மத்திய அரசாங்கம் முடிவு செய்தது. முதலீடும் இடமும் கணக்கும் சரியாக அமைந்தால் அன்றி இறங்கலாகாது. நிர்வாகம் தளர்ந்தால் நஷ்டம் அங்கத்தினர் தலையில்தான் விழும். ஆனால், 1904ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை அரிசிக்கும் பருப்பிற்கும் செய்ததை, இன்று டீசலுக்குச் செய்ய இயலாது என்பதற்கில்லை. சரியான எடை, கலப்பற்ற சரக்கு, நேர்மையான விலை என்ற மூன்றும் கூட்டுறவின் பழைய வாக்குறுதிகள்.

மகாசபையில் இந்த ஆண்டு ஒரு பொருளாக இதனை வைத்து ஆலோசிக்கும்படி அங்கத்தினர்களை வேண்டுகின்றோம். சோதனைக் கருவி வாங்கும் தீர்மானம் ஒன்று. உழவுக்கு ஏக்கர்வாரியாக உதவி கோரி அரசாங்கத்திற்கு அனுப்பும் விண்ணப்பம் ஒன்று. முதலாவது நம் கையில் உள்ளது. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. ஆடி உழவுக்கு முன்னரே அதனை நிறைவேற்றிவிடலாம்.